டாக்டருக்கு ஒரு தீ விபத்து அறிக்கை

எரிகிற அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியின் விளிம்பில் வலது கையை ஊன்றிக்கொண்டு, பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்த கதையை முதல் மணி அடித்ததிலிருந்து கடைசிக் குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றியது வரை ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தவன் நான். முகம் சுளிக்கவில்லை. குரல் பிசகவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தேன். இப்படி ஒருவன் எந்த நாட்டுத் தீயணைப்புப் படையிலாவது இருந்தால் கூட்டி வாருங்கள். என் பதக்கத்தைக் கழற்றி அவன் சட்டையில் குத்திவிட்டு, அவனுக்குக் குழாய் பிடிக்கும் உதவியாளாகச் சேர்ந்துகொள்கிறேன்.

நம்பவில்லை அல்லவா? பரவாயில்லை. எங்கள் வீட்டில் நான் சொல்வதைப் பத்தால் வகுத்துத்தான் கேட்பார்கள். எட்டு மாடிக் கட்டடம் என்று நான் சொன்னால் அது மாட்டுக் கொட்டகை என்று அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த பீரோவை நான் கையால் பிடித்த கதையைக் கேட்டுவிட்டு என் மைத்துனன், "மாமா, பீரோவா, பீரோ சாவியா?" என்று கேட்டான். சாவிதான். ஆனாலும் மூன்றாவது மாடி மூன்றாவது மாடிதானே!

வேலையிலும் இதே பெயர்தான் எனக்கு. தீயை அணைத்துவிட்டு வந்தால் அறிக்கை எழுத வேண்டும். இடம், எரிந்த பொருள், தீ தொடங்கிய காரணம், பரவிய திசை, சேதம், மீட்கப்பட்டவை என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். நான் எழுதிய அறிக்கை ஒன்றை மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். 'தீ நாக்குகள் வானத்தை நக்கின என்று எழுதியிருக்கிறீர்கள். எரிந்தது ஒரு குப்பைத் தொட்டி. விளக்கம் தரவும்.' வானம் அன்று தாழ்வாக இருந்தது என்று விளக்கம் தந்தேன்.

என் மனைவி அதற்கு நேர் எதிர். அவள் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுத்தவள். அதனால் அவளுக்குக் 'கண்ட்ரோல்' என்றே பெயர் வைத்துவிட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் அவள் கண்ட்ரோல்தான். தெருவே எரிகிறது என்று கதறுகிறவர்களிடம், "எத்தனை வீடு? ஜன்னல் வழியா புகை வருதா, தீ வருதா?" என்று தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற குரலில் கேட்பாள். கதறலிலிருந்து உப்பையும் கண்ணீரையும் வடித்துவிட்டு, மிச்சத்துக்கு எத்தனை வண்டி வேண்டுமோ அத்தனை அனுப்புவாள். பயத்தில் கத்துகிறவர்களைப் பத்து வருடம், இருபது வருடம், முப்பது வருடம் என்று கேட்டுக் கேட்டு அவள் காது சல்லடையாகிவிட்டது. அந்தச் சல்லடையில் தினமும் சலிக்கப்பட்டவன் நான்.

சரி, சட்டிக்கு வருகிறேன்.

அன்று மதியம் மைத்துனன் வந்திருந்தான். சமையலறையிலேயே ஒரு சின்ன மேசை உண்டு. அதில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சாப்பிடும்போது பக்கத்தில் குண்டு விழுந்தாலும் பார்க்க மாட்டான். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகக் கையை ஊன்றி, பஞ்சுக் கிடங்குக் கதையை ஆரம்பித்தேன். கதை முடிகிற சமயம் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. எனக்கா தெரியாது அந்த வாசனை! பழைய வேகம் வந்துவிட்டது. கூடத்துக்கு ஓடினேன். மின் பலகையைத் திறந்து முகர்ந்தேன். படுக்கையறை, குளியலறை, பின் கதவு என்று எல்லா இடமும் தேடினேன். இஸ்திரிப் பெட்டியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். எங்கும் தீ இல்லை. திரும்பச் சமையலறைக்கு வந்தபோது மைத்துனன் முதல்முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கியிருந்தான்.

"மாமா, உங்க கை."

சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை கையின் ஓரம் வெந்து, தோல் சுருண்டு நின்றது. ஆயிரம் தீயைத் தேடிப் போனவன், கடைசியில் தன் மேலேயே வாசனை பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தேன். மைத்துனன் சிரிக்கவில்லை. துவைத்த துணி வாளியோடு கண்ட்ரோல் அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை.

"பார்த்தியா? சூடான சட்டி மேல கைய வெச்சுக்கிட்டு முழுக் கதையும் சொல்லிட்டேன்! நெருப்புக்கே என்கிட்ட பயம் வந்துடுச்சு!"

"அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு," என்றாள்.

பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

"அப்ப இது என்ன?"

"வண்டி சைலன்சர்ல பட்டிருக்கும். காலையில வண்டிய எடுத்தீங்கல்ல? எங்க பட்டதுன்னுகூட உங்களுக்குத் தெரியாது, வாய் மட்டும் நல்லா வேலை செய்யும்."

"அக்கா, இப்பதான் தீய்ஞ்ச வாசனை வந்தது," என்றான் மைத்துனன்.

"உனக்குச் சாப்பாட்டு வாசனையத் தவிர வேற என்ன தெரியும்? தட்டப் பாரு."

மைத்துனன் அன்றே என் கட்சிக்கு வந்துவிட்டான். பீரோவை நம்பாதவன் இதை நம்பினான். பக்கத்து வீட்டு வாத்தியார், பால்காரர், பென்ஷன் அலுவலகத்தில் என் வரிசையில் நின்ற ஒரு முன்னாள் தபால்காரர் என்று நான் சொன்ன எல்லோரும், என் கையைப் பார்த்த பிறகு, ஏதோ நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவள் ஒருத்திதான். அவளோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

புண் ஆறுவேனா என்றது. எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, வலித்தால்தானே? கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டார், நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். ஆனால் அதே சமயம் என் மோதிரவிரலும் சுண்டுவிரலும் வேலை நிறுத்தத்தில் இறங்கின. மற்ற விரல்கள் நீளும், இவை இரண்டும் முதலாளி கூப்பிட்டும் வராத கூலிக்காரன் மாதிரி உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும். முகம் கழுவத் தண்ணீர் அள்ளினால் ஓரம் வழியாக ஒழுகிவிடும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பேனா பிடித்தால் எழுத்து ஈசல் மாதிரி பறந்தது. வீட்டில் கண்ணாடி டம்ளர் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர் என்று சட்டம் வந்தது.

இதற்கெல்லாம் முன்பிருந்தே முழங்கைக்குக் கீழே ஒரு வெளுத்த திட்டு உண்டு. முதலில் பொத்தான் அளவு. பிறகு குளியல் சோப்பு அளவு. (தீவு அளவு என்றுதான் எழுத ஆசை. கண்ட்ரோல் அளந்துவிட்டாள், சோப்புதான்.) அரிக்காது, வலிக்காது. அதன் மேல் முடி கொட்டிவிட்டது. கோடை வெயிலில் உடம்பெல்லாம் வியர்வை ஊற்றும்போதும் அந்த இடம் மட்டும் காய்ந்து, காகிதம் மாதிரி கிடக்கும். படை என்று ஒரு மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்தார். சர்க்கரை வியாதியால் வருவது என்று இன்னொருவர். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை, மறைத்துச் சாப்பிட்டதைத்தான் மறைத்திருக்கிறேன்.

கட்டுப் போடுகிற டாக்டர் ஒரு நாள் புண்ணைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டார். தோல் டாக்டர் ஒருவரைப் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார். அந்த டாக்டரைப் பார்க்க நாள் கேட்டுத் தொலைபேசியில் பேசியது கண்ட்ரோல். அந்தப் பக்கம் பேசிய பெண் சொல்லியிருக்கிறார்: "டாக்டருக்கு நேரம் ரொம்பக் கம்மி. எங்க வந்தது, எப்ப வந்தது, அரிக்குதா, வலிக்குதா, தொட்டா தெரியுதா, எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதிட்டு வந்துடுங்க. கதை வேண்டாம்."

கடைசி வார்த்தையைக் கண்ட்ரோல் என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் மதியம் நான் படுத்திருந்தேன். தூக்கம் இல்லை, ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு மதியத் தூக்கம் ஒரு கடமை என்பதால் கண்ணை மூடிக் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரம் அமிழ்ந்தது. இமை இடுக்கால் பார்த்தேன். கண்ட்ரோல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ஊக்கு. அதைத் திறந்து, நுனியைத் துணியில் துடைத்து, என் முழங்கைக்குக் கீழே அந்தத் திட்டின் மேல் வைத்து மெல்ல அழுத்தினாள்.

தோல் குழிவதைப் பார்த்தேன். ஊக்கு நுனி உள்ளே போவதைப் பார்த்தேன். கடுகளவு ரத்தம் வந்து நின்றது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய கையிலோ குத்துவதைப் பார்ப்பது போல இருந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்தது கையை அல்ல, அவள் முகத்தை. புகை நிறைந்த வீட்டுக்குள் பிள்ளை மாட்டிக்கொண்டது என்று அலறிய தாயிடம், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பதறாமல் கேட்டவள் அவள். அந்த முகத்தில் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், நிற்காமல் நடுங்கியது. அப்படி ஒரு முகத்தை நான் எந்தத் தீயிலும் கண்டதில்லை.

"ஐயோ! கொல்றாளே! தூங்குற மனுஷன ஊசியால குத்திக் கொல்றாளே!" என்று எழுந்து உட்கார்ந்தேன். கட்டில் அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"வலிச்சுதா?"

"வலிச்சுதாவா? உயிரு உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு!"

என் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஊக்கை அவள் அதற்குள் மூடியிருந்தாள்.

"சரி," என்று சொல்லிவிட்டுப் போய், முகத்தை நெடுநேரம் கழுவினாள்.

சாயங்காலம் டாக்டருக்கான குறிப்பை எழுத உட்கார்ந்தோம். என் கையில் பேனா நிற்காததால் நான் சொல்ல அவள் எழுதுவதாக ஏற்பாடு. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"எழுது. சம்பவ இடம்: வலது முழங்கைக்குக் கீழ். அழைப்பு வந்த நேரம்: தெரியாது, யாரும் மணி அடிக்கவில்லை. எரிந்த பொருள்: நான்."

"திட்டு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"அதான் சொல்றேனே. பரவிய திசை: தெற்கு நோக்கி, மணிக்கட்டு வழியாக, இரண்டு விரல்கள் நாசம்."

"உங்க கை எப்பவும் தெற்கப் பார்த்தா இருக்கு?" அவள் எழுதியதைப் படித்தாள். 'வலது முன்கையில் வெளிர் நிறத் திட்டு. சோப்பு அளவு. அரிப்பு இல்லை. வியர்ப்பதில்லை. முடி இல்லை.'

"என்ன இது, சுடுகாட்டுச் சீட்டு மாதிரி இருக்கு! படிக்கிற டாக்டருக்கு ஒரு சுவாரசியம் வேண்டாமா?"

"அவங்களுக்குச் சுவாரசியம் வந்தா நமக்கு ஆகாது." அடுத்த வரியை அவளே எழுதினாள். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. "'குத்தினால் வலி தெரிகிறது.'"

நான் வாயைத் திறந்தேன். மதியம் போட்ட கூச்சல் தொண்டையில் வந்து குறுக்கே நின்றது. இல்லை, தெரியவில்லை, உன் முகத்துக்காகக் கத்தினேன் என்று சொன்னால் அந்த உதடு மறுபடியும் இழுத்துக்கொண்டு போகும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இது பெரிய சம்பவம், தனி அறிக்கையே எழுதலாம்.

"கை மரத்துப் போறது எப்பலேருந்து?" என்றாள்.

"அது சட்டி சம்பவத்திலேருந்துதான். அத எழுது முதல்ல. 'இரும்புச் சட்டியின் மேல் கையை ஊன்றி—'"

"அது நடக்கல."

"மச்சான் சாட்சி!"

"அவன் தட்டப் பார்த்துட்டு இருந்தான். அடுப்பு அணைஞ்சிருந்தது."

"அப்ப வாசனை?"

பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க பாருங்க. பால்காரர்கிட்ட சொல்லுங்க, வாத்தியார்கிட்ட சொல்லுங்க. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவன்கிட்ட சொல்லுங்க. டாக்டர்கிட்ட வேண்டாம். நெருப்பு சுடலன்னு நீங்க சொன்னா அவங்க என்ன நினைப்பாங்க தெரியுமா?"

"வீரன்னு நினைப்பாங்க."

அவள் பேனாவை எடுத்து, 'கை மரமரப்பு: திட்டு வந்த காலத்திலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வருடம்' என்று எழுதினாள். கீழே ஒரு கோடு இழுத்து, சர்க்கரை மாத்திரைகளின் பெயரை எழுதி, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் இவ்வளவு தப்பான அறிக்கையை அதற்கு முன் தயாரித்ததில்லை.

தோல் டாக்டர் அம்மா ஒல்லி. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. காத்திருக்கிற அறையில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். உள்ளே போனதும் தாளை வாங்கி ஒரு மூச்சில் படித்தார்.

"தெளிவா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்," என்றாள் கண்ட்ரோல்.

"நான் சொன்னேன், இவ குறைச்சுட்டா," என்றேன்.

"கண்ண மூடுங்க ஐயா. பஞ்சால தொடுவேன். எங்க படுதோ அந்த இடத்த இடது கையால காட்டுங்க."

மூடினேன். தோளில் பட்டது, காட்டினேன். முழங்கைக்கு மேலே பட்டது, காட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்காது. கண்ட்ரோல் வேறு மூச்சு விடாமல் நிற்பது காதில் கேட்டது. "இதோ இங்க!" என்று முன்கையைக் காட்டினேன். "இப்ப சுண்டுவிரல்ல! நல்லாத் தெரியுது, பஞ்சு கொஞ்சம் முரடா இருக்கு."

"கண்ணத் திறங்க."

டாக்டரின் இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. பஞ்சு தட்டில் கிடந்தது.

"நான் தொடவே இல்ல ஐயா."

எப்போதும் இந்த மாதிரி இடத்தில் யாராவது சிரிப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வந்தன, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். எது எது என்று கேட்டார். திட்டின் மேல் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. சுண்டுவிரலில் அவை இருந்ததே தெரியவில்லை. முழங்கையின் உள்பக்க எலும்பு இடுக்கில் விரலை வைத்து எதையோ உருட்டினார். "அம்மா, இங்க தொட்டுப் பாருங்க. இது நரம்பு. மெல்லிசா இருக்கணும். கயிறு மாதிரி தடிச்சிருக்கு பாருங்க." கண்ட்ரோல் தொட்டுப் பார்த்தாள். எழுதிய தாளை எடுத்து டாக்டர் என் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் செருகினார். "இறுக்கிப் பிடிங்க. நான் இழுப்பேன்."

"லாரி கட்டி இழுத்தாலும் வராது," என்றேன்.

அவர் இழுக்கக்கூட இல்லை. விட்டதும் தாள் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

அவர் அதைக் குனிந்து எடுத்து, மேசையில் வைத்து, நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். சுற்றி வளைக்காமல், சளி காய்ச்சல் என்பது போலத்தான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தையை ஊதிப் பெரிதாக்கவும் தெரியவில்லை, ஊதி அணைக்கவும் தெரியவில்லை. ஏற்கெனவே அது போதுமான அளவுக்குப் பெரிதாக இருந்தது.

கண்ட்ரோல்தான் கேட்டாள், தொலைபேசிக் குரலில். "தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுமா?"

"எதுவும் வேண்டாம். ஒரே தட்டு, ஒரே கட்டில், பழைய மாதிரியே இருங்க. மாத்திரை ஆரம்பிச்சா சீக்கிரமே யாருக்கும் பரவாது. ஒரு வருஷம் விடாம சாப்பிட்டா நோய் போயிடும். உங்களையும் ஒரு தடவை பரிசோதிச்சுப் பார்த்துடலாம்." டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். "நோய் போயிடும். ஆனா செத்த நரம்பு திரும்ப வராது. அதுதான் இப்ப கேள்வி. கையில உணர்ச்சி போனது புதுசுன்னா, ஆறு மாசத்துக்குள்ளன்னா, நரம்பு வீக்கத்துக்கு வேற ஒரு மாத்திரை இருக்கு. பெரிய அளவுல கொடுக்கணும். கொடுத்தா விரல் திரும்ப வர வாய்ப்பு இருக்கு, நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அது சர்க்கரைய எங்கேயோ கொண்டு போயிடும். இவர் உடம்புக்கு அது விளையாட்டு இல்ல. பழைய மரப்புன்னா அதக் கொடுத்துப் பிரயோஜனமே கிடையாது, ஆபத்து மட்டும்தான். கொடுக்க மாட்டேன்." தாளில் விரலை வைத்தார். "ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கீங்க."

"அது திட்டு," என்றேன். "கை இல்ல. கை இப்பதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

பஞ்சுக் கிடங்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. முதல் மணி, சைரன், குழாய் எல்லாம் தயாராக இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன். அடுப்புக்கு முதுகு காட்டி நின்றேன், கையைச் சட்டி மேல் வைத்திருந்தேன், வெந்தது, எனக்குத் தெரியவில்லை, ரெண்டு மாதம் ஆகிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை. என் கதையா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவு ஏழைக் கதை.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "ஐயா, பஞ்சு படாமலே பட்டுதுன்னு சொன்னீங்க. தாள்ல குத்தினா வலிக்குதுன்னு இருக்கு, நான் பார்த்ததுல அப்படி இல்ல. நீங்க சொல்றத வெச்சு நான் அந்த மாத்திரைய எழுத முடியாது." கண்ட்ரோல் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் சொல்றது நடந்ததா?"

நான் என் கையைப் பார்த்தேன். அந்த இரண்டு விரல்களும் மடங்கிக் கிடந்தன. பெரிய ஏணியை வண்டியிலிருந்து ஒற்றைக் கையால் இறக்கிய கை இது. சரி, இரண்டு கையால். பக்கத்தில் ஒருவன் பிடித்துக்கொண்டான். இனிமேல் தண்ணீர் அள்ளினால் நிற்குமா, கையெழுத்துப் போட்டால் அது என் பெயராக இருக்குமா என்பதெல்லாம், வாழ்நாள் முழுக்க என்னை நம்பாதவள் வாயில் இருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரில் மனித உடம்பின் படம் ஒன்று, தோல் உரித்து, நரம்புகளை மஞ்சளாக வரைந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுப்பு அணைஞ்சிருந்ததுன்னு சொன்னேன்," என்று தொடங்கினாள்.

நின்றாள். வெளியே யாரோ வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. துணி வாளியோட வந்தேன், வாசப்படியில நின்னு பார்த்தேன். சட்டி மேல கை இருந்தது, கையிலேருந்து புகை வந்தது. இவர் சிரிச்சுட்டு இருந்தார். எனக்குக் கால் நகரல, வாயும் வரல. அப்புறம் இவர் தீயத் தேடிக்கிட்டு உள்ள ஓடினார். நான் போய் அடுப்ப அணைச்சேன்."

"ஏன் இதுல எழுதல?"

"எங்க கண்ட்ரோல் ரூம்ல பதிவேட்டுல ஒரு வரி எழுதிட்டா வண்டி கிளம்பியே ஆகணும் டாக்டர். அப்புறம் திருப்பிக் கூப்பிட முடியாது. நெருப்பு சுடலன்னா வண்டி எந்த நோய் வாசல்ல வந்து நிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எழுதாம இருந்தா..." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முந்தின வாரம் கொதிக்கிற தண்ணி ரெண்டு சொட்டு தெறிச்சது. இதே கைதான், இதே ஓரம்தான். துள்ளிக் குதிச்சுக் கத்தினார். அது நிஜக் கத்தல். நேத்து ஊக்கால குத்தினப்ப கத்தினது பொய். எனக்கு வித்தியாசம் தெரியும் டாக்டர், நான் கேட்காத கத்தலா? அந்த ஒரு வாரத்துலதான் உணர்ச்சி போயிருக்கு. ரெண்டு வருஷம்னு நான் எழுதினது தப்பு."

தாளைத் தன் பக்கம் இழுத்து, மேசை மேலிருந்த டாக்டரின் பேனாவைக் கேட்காமலே எடுத்து, அந்த வரியை அடித்தாள். கோடு அடுத்த வரி மேலும் ஏறியது. பேனாவை டாக்டரிடம் நீட்டினாள்.

"இவர் சொன்னது நடந்தது. நீங்களே எழுதிக்கோங்க."